அசெட்டாபுலம் முறிவு: ஒரே சி.டி.க்கு ஏன் மூன்று பெயர்கள்? வகைப்படுத்தலைச் சீராக்க என்ன செய்யலாம்?

இடுப்பெலும்பு (இழையைத் தொடங்கியவர்)

இடுப்பு மூட்டின் கிண்ணம், அதாவது அசெட்டாபுலம், உடைந்து வரும் ஒருவரின் சி.டி. ஸ்கேன் படத்தை மூன்று அறுவை மருத்துவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். பின் சுவர் மட்டும் உடைந்திருந்தால் பெரும்பாலும் மூவரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். முறிவு சிக்கலாகிவிட்டால் ஒருவர் டி வடிவம் என்பார், இன்னொருவர் இருதூண் என்பார், மூன்றாமவர் முன் தூணோடு பின் அரைக்குறுக்கு என்பார். மூவருமே அனுபவசாலிகளாக இருக்கலாம். இதை எப்படிச் சரிசெய்வது என்று பேசத்தான் இந்த இழை.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இன்றும் நாம் பயன்படுத்துவது ராபர்ட் ஜூடே, ழான் ஜூடே, எமில் லெத்தூர்னல் மூவரும் 1964-இல் வெளியிட்ட முறைதான். தலைகீழாகப் பிடித்த ஒய் எழுத்தின் இரு கால்களாக முன் தூண், பின் தூண் என இரு தடித்த எலும்புப் பகுதிகள். அவற்றுக்கு நடுவே கிண்ணம், அதன் முன் பின் ஓரங்கள் சுவர்கள். எளிய வகைகள் ஐந்து: பின் சுவர், பின் தூண், முன் சுவர், முன் தூண், குறுக்கு. கூட்டு வகைகள் ஐந்து: பின் தூணும் பின் சுவரும், குறுக்கும் பின் சுவரும், டி வடிவம், முன் தூணோடு பின் அரைக்குறுக்கு, இருதூண். மொத்தம் பத்து.

2003-இல் போலே, டோரி, மட்டா மூவரும் இந்த முறையில் மருத்துவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சோதித்தார்கள். இந்த முறிவுகளை அடிக்கடி கையாளுபவர்களிடையே இசைவு நன்றாக இருந்தது, மற்றவர்களிடையே குறைந்தது. என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று: எக்ஸ்ரேயோடு சி.டி.யைச் சேர்த்துக் கொடுத்தும் இசைவு பெரிதாக உயரவில்லை. ஆக, குறை படத்தில் இல்லை, படத்தைப் படிக்கும் வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பெரும்பாலோர் படத்தைப் பார்த்த உடனே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகிவிடுகிறது. நான் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் ஐந்து கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று எழுதுங்கள்.

ஒன்று, எக்ஸ்ரேயில் முன் தூணைக் காட்டும் இலியோபெக்டினியல் கோடு, பின் தூணைக் காட்டும் இலியோஇஸ்கியல் கோடு இரண்டில் எது அறுந்திருக்கிறது? இரண்டு, கிண்ணத்துக்குக் கீழே உள்ள எலும்பு வளையம், அதாவது ஆப்டுரேட்டர் வளையம், உடைந்திருக்கிறதா? மூன்று, முறிவுக் கோடு இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதியான இலியம் இறக்கைக்குள் ஏறுகிறதா? நான்கு, முதுகெலும்பின் அடிப்பகுதியான சாக்ரத்தோடு இன்னும் ஒட்டியிருக்கும் இலியத்தில் மூட்டுப் பரப்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா? ஐந்து, தனியாகப் பெயர்ந்த சுவர்த் துண்டு உண்டா?

இரண்டு கோடுகளும் அறுந்து, வளையமும் இறக்கையும் முழுசாக இருந்தால் குறுக்கு. அதே நிலையில் வளையமும் உடைந்திருந்தால் டி வடிவம். இரண்டு கோடுகளும் அறுந்து இறக்கையும் உடைந்திருந்தால் நான்காம் கேள்விதான் தீர்ப்பு: மூட்டுப் பரப்பு மிச்சம் இருந்தால் முன் தூணோடு பின் அரைக்குறுக்கு, துளியும் இல்லையென்றால் இருதூண். விதிவிலக்குகள் உண்டு, யாராவது கேட்டால் பேசலாம்.

இரண்டாமாண்டு

சார், சரியான நேரத்தில் தொடங்கினீர்கள். எங்கள் பிரிவில் இப்போது படுத்திருக்கும் ஒருவரின் படத்தில் இதே குழப்பம்தான். நடுத்தர வயது, உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தவர். நேர் எக்ஸ்ரேயில் இரண்டு கோடுகளும் அறுந்திருக்கின்றன. தொடை எலும்பின் தலை உள்பக்கம் நகர்ந்திருக்கிறது. இறக்கையில் அதன் மேல்விளிம்பான முகடு வரை ஒரு கோடு ஏறுகிறது. வளையமும் உடைந்திருக்கிறது. ஒரு சீனியர் இருதூண் என்கிறார், இன்னொருவர் முன் தூணோடு பின் அரைக்குறுக்கு என்கிறார். முப்பரிமாணப் படத்தை எப்படிச் சுழற்றிப் பார்த்தாலும் எனக்கு இரண்டுமே சரியாகத்தான் தோன்றுகிறது. உங்கள் நான்காம் கேள்விக்கு எந்தப் படத்தில் பதில் தேடுவது?

கதிர்நோக்கி

நான் கதிரியக்கப் பிரிவு. இதை நான் சொல்கிறேன்.

முப்பரிமாணப் படத்தை மூடிவையுங்கள், அது கடைசியில். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய அச்சு வெட்டுகளை, அதாவது உடலைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படங்களை, திறந்து, சாக்ரமும் இலியமும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு தெரியும் உயரத்துக்குப் போங்கள். அங்கே சாக்ரத்தோடு ஒட்டியிருக்கும் இலியம் துண்டைக் கண்டுபிடியுங்கள். அதன்பின் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டு வெட்டாகக் கீழே பின்தொடருங்கள். வழியில் முறிவுக் கோடுகள் வந்து போகும், துண்டுகள் விலகும், கண் அங்கே ஓடும். ஓடவிடாதீர்கள். உங்கள் துண்டு எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

தொடை எலும்பின் தலை தெரியத் தொடங்கும் வெட்டில் நிறுத்துங்கள். உங்கள் துண்டு இன்னும் திரையில் இருக்கிறதா? இருந்தால், தலையைப் பார்த்தபடி அதற்கு வழுவழுப்பான, அடர்த்தியான மூட்டு விளிம்பு இருக்கிறதா? இருந்தால் அது இருதூண் இல்லை. துண்டு மூட்டுக்கு மேலேயே கூர்மையாக முடிந்துவிட்டால், அந்த முனைதான் உடலைச் சாய்த்து எடுக்கும் எக்ஸ்ரேயான ஆப்டுரேட்டர் சாய்வுப் படத்தில் முள்போல நீட்டிக்கொண்டு தெரியும் ஸ்பர் அறிகுறி. அது இருதூண் முறிவின் அடையாளம்.

முறிவுக் கோட்டின் திசையையும் கவனியுங்கள். கிண்ணத்தின் கூரை அருகே உள்ள அச்சு வெட்டில் கோடு இடவலமாக ஓடி, எலும்பை முன்பாதி பின்பாதியாகப் பிரித்தால் அது தூண் முறிவின் கோடு. முன்னிருந்து பின்னாக ஓடி, உள்பாதி வெளிப்பாதியாகப் பிரித்தால் குறுக்கு முறிவின் கோடு. சாய்வாக ஓரத்தைக் கொத்திக்கொண்டு போனால் சுவர். இந்த மூன்று திசைகள் மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முப்பரிமாணப் படத்தில் என்ன சிக்கல் என்றால், மேற்பரப்பை உருவாக்கும்போது மென்பொருள் நெருக்கமான இடைவெளிகளை நிரப்பிவிடும். விலகாத மெல்லிய கோடு காணாமல் போகும். அரைக்குறுக்குக் கோடு பல நேரம் விலகாமல்தான் இருக்கும். தொடை எலும்பின் தலையை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேராகப் பார்க்கும் படம் மட்டும் விதிவிலக்கு. அது அருமையான படம், அறிக்கையோடு அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாமாண்டு

நன்றி மேடம். இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். சாக்ரத்தோடு ஒட்டிய துண்டைப் பின்தொடர்ந்தால், தலை தெரியத் தொடங்கிய பிறகும் பல வெட்டுகளுக்கு அது தொடர்கிறது. கூரையின் பின்மேல் பகுதியில் மூட்டு விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே, விலகாத ஒரு கோடு பின் தூணைக் கடக்கிறது. முப்பரிமாணப் படத்தில் அந்தக் கோடு இல்லவே இல்லை. ஆக, முன் தூணோடு பின் அரைக்குறுக்கு.

ஆனால் ஒரு கேள்வி. இரண்டு முறிவுகளுக்குமே முன்பக்கமாகத்தானே பெரும்பாலும் போகிறோம்? பெயர் மாறினால் நோயாளிக்கு என்ன மாறுகிறது?

இடுப்பெலும்பு

நிறைய மாறுகிறது. கேட்டது நல்லதாயிற்று.

உங்கள் நோயாளிக்கு மூட்டுப் பரப்பின் ஒரு பகுதி சரியான இடத்திலேயே நிற்கிறது. மற்ற எல்லாத் துண்டுகளையும் அதற்குப் பொருத்திக் கொண்டுவரலாம், அதுதான் உங்கள் அளவுகோல். இருதூண் முறிவில் அப்படி ஒன்று கிடையாது. மேலே இலியத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டாகப் பொருத்திக்கொண்டு மூட்டை நோக்கி இறங்க வேண்டும். மேலே முகட்டில் விட்ட சிறு கோணல், மூட்டுக்கு வரும்போது பெரிதாகிவிடும்.

இன்னொன்று, இருதூண் முறிவில் கிண்ணத்தின் துண்டுகள் மொத்தமாகத் தலையோடு சேர்ந்தே உள்பக்கம் நகர்ந்து, தலையைச் சுற்றி மறுபடி பொருந்தி நிற்கலாம். இரண்டாம் நிலைப் பொருத்தம் என்கிறோம். வயதானவர்களில், அறுவைக்கு உடல் இடங்கொடுக்காதவர்களில், அதை நம்பி அறுவை இல்லாமலே கவனித்துக்கொள்வதுண்டு. உங்கள் நோயாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூரையின் ஒரு பகுதி அசையாமல் நிற்க, தலை மட்டும் அதைவிட்டு உள்ளே போய்விட்டது. பொருத்தம் தானாக வராது. இவருக்கு இருதூண் என்று எழுதி, பொருத்தம் வந்துவிடும் என்று காத்திருந்தால் மூட்டு தேய்ந்துபோகும்.

உடையாமல் மிஞ்சிய கூரை எவ்வளவு என்று சொல்லும் கூரை வில் கோண அளவும் அப்படித்தான். மட்டா தந்த 45 பாகை அளவுகோலைப் பின் சுவர் முறிவுக்கும் இருதூண் முறிவுக்கும் பயன்படுத்தக் கூடாது. பெயர் தவறினால் அளவுகோலும் தவறுகிறது.

தியேட்டர்செவிலி

மருத்துவர்கள் பேசும் இடத்தில் நான் வரலாமா என்று தெரியவில்லை, ஆனால் இது எங்களையும் தொடும் விஷயம்.

முந்தைய நாள் பட்டியலில் "குறுக்கு மற்றும் பின் சுவர்" என்று வரும். நாங்கள் பின்பக்கமாகத் திறக்கும் கோகர் லாங்கன்பெக் வழிக்கு ஏற்ற மேசை, குப்புறப் படுக்கவைக்கும் அணைகள், பின் சுவர்த் தகடுகள் என்று எடுத்துவைப்போம். காலையில் படத்தை மறுபடி பார்த்துவிட்டு "இது டி வடிவம், முன்பக்கமும் போக வேண்டியிருக்கும்" என்பார்கள். மல்லாக்கப் படுக்கை, நீண்ட திருகுகள், உள்ளிடுப்பு வழிக்கான ரிட்ராக்டர்கள் (தசையை விலக்கிப் பிடிப்பவை), கூடுதல் ரத்தம், மயக்க மருத்துவருக்கு மறுபடி தகவல். நோயாளி பசியோடு காத்திருப்பார். பட்டியலில் பெயரை மட்டும் எழுதாமல் படுக்கை நிலை, வழி, இரண்டாம் வழி தேவைப்படலாமா என்ற மூன்றையும் எழுதினால் எங்களுக்குப் பெரிய உதவி.

இடுப்பெலும்பு

சிஸ்டர், தாராளமாக வரலாம். நீங்கள் சொன்ன உதாரணத்தின் காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இங்கே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

குறுக்கு முறிவில் முறிவுக் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி ஒரே துண்டு. பின்னாலிருந்து அதைச் சரியாகத் திருப்பி வைத்தால் முன்பகுதியும் கூடவே வந்து சேரும். டி வடிவத்தில் அந்தக் கீழ்ப்பகுதி நடுவே பிளந்து இரண்டாகிவிட்டது. பின்னால் எவ்வளவு அழகாகச் சேர்த்தாலும் முன்துண்டு தன் போக்கில் நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் முக்கியத் தடயம் ஆப்டுரேட்டர் வளையம். வளையத்தின் கீழ்ப்பகுதியான இஸ்கியோபியூபிக் எலும்புக் கிளையில் ஒரு மெல்லிய விரிசல், எக்ஸ்ரேயின் கீழ் ஓரத்தில் இருக்கும். பெரிய முறிவைப் பார்த்த கண் அங்கே போவதே இல்லை. அதனால்தான் அதை இரண்டாம் கேள்வியாக வைத்தேன்.

கணக்கியல்

நான் மருத்துவரில்லை, மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் செய்பவன். இசைவு பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன்.

இந்த ஆய்வுகள் எல்லாம் கப்பா என்ற எண்ணைத் தருகின்றன. ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்தது. தற்செயலாக எவ்வளவு ஒத்துப்போயிருப்பார்களோ அதைக் கழித்துவிட்டு மீதி இசைவைச் சொல்லும். 1977-இல் லாண்டிஸ், கோக் இருவரும் 0.41 முதல் 0.60 வரை மிதமானது, 0.61 முதல் 0.80 வரை கணிசமானது என்று படி வகுத்தார்கள். அந்தப் படிகள் அவர்களே ஒரு வசதிக்காக வைத்துக்கொண்டவை. அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கற்பனை எண்கள்தான். 100 படங்கள், இரண்டு மருத்துவர்கள். கேள்வி: பின் சுவர் உடைந்திருக்கிறதா? இருவருமே 80 படங்களுக்கு ஆம் என்கிறார்கள். 84 படங்களில் இருவரும் ஒரே பதில். தற்செயல் இசைவு 0.8 பெருக்கல் 0.8, அதோடு 0.2 பெருக்கல் 0.2, ஆக 0.68. கப்பா என்பது 0.84-இலிருந்து 0.68-ஐக் கழித்து, 0.32-ஆல் வகுத்தால் 0.50. அதே 84 படங்களில் ஒத்துப்போனாலும், ஆமும் இல்லையும் பாதிக்குப் பாதியாக இருக்கும் படத்தொகுப்பு என்றால் தற்செயல் இசைவு 0.50, கப்பா 0.68. மருத்துவர்களின் திறமை மாறவில்லை, படத்தொகுப்பின் கலவைதான் மாறியது. ஆகவே இரண்டு ஆய்வுகளின் கப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இந்த முறை அதைவிடச் சிறந்தது" என்று சொல்லிவிட முடியாது. இரண்டு முறைகளையும் ஒரே படங்களில், ஒரே ஆட்களிடம் சோதித்திருந்தால்தான் ஒப்பிடலாம்.

அதைவிட முக்கியம், பத்து வகைகளுக்கும் சேர்த்து ஒரே கப்பாவைப் போடுவது யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. பின் தூணை முன் சுவர் என்று சொல்வதும், டி வடிவத்தைக் குறுக்கு என்று சொல்வதும் அந்தக் கணக்கில் ஒரே அளவுத் தவறு. பத்துக்குப் பத்து அட்டவணை போட்டு, எந்தப் பெயர் எந்தப் பெயரோடு குழம்புகிறது என்று பார்த்தால் திருத்த வேண்டிய இடம் தெரியும். இழையைத் தொடங்கியவரின் ஐந்து கேள்விகளில் எனக்குப் பிடித்ததும் இதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக இசைவை அளக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இசைவு வேறு, சரி என்பது வேறு. பத்துப் பேரும் ஒருமித்துத் தவறான பெயரைச் சொன்னாலும் கப்பா உச்சத்தில்தான் இருக்கும்.

பழைய_தூண்

நீண்ட காலமாக இந்த அறுவையைச் செய்துவருபவன். தம்பி இடுப்பெலும்பு சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். இரண்டு இடத்தில் இல்லை.

முதலாவது, ஐந்து கேள்விகளும் ஒழுங்கான முறிவுகளில்தான் ஒழுங்காக வேலை செய்யும். டி வடிவத்தின் தண்டு சில நேரம் வளையத்தை விட்டுப் பின்னால், இடுப்பெலும்பின் கீழ்ப் பின்பகுதியான இஸ்கியம் வழியாக இறங்கும், வளையம் முழுசாக இருக்கும். உங்கள் வரிசைப்படி அது குறுக்கு என்று வந்துவிடும். தாழ்வான முன் தூண் முறிவோடு அரைக்குறுக்கு சேர்ந்தால் இறக்கை உடையாது, அது டி வடிவம் என்று வந்துவிடும். லெத்தூர்னலே இடைப்பட்ட வடிவங்கள் உண்டு என்று சொன்னவர்தான். எலும்பு நம் பத்துப் பெட்டிகளைப் பார்த்து உடைவதில்லை. எனவே வரிசையின் முடிவில் ஒரு பெயர் வந்ததும் நிறுத்தாமல், திரும்பிப்போய் எலும்பு மாதிரியில் கோட்டை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். என் பயிற்சி மருத்துவர்கள் பிளாஸ்டிக் இடுப்பெலும்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அழியும் பேனாவால் சி.டி.யில் பார்த்த ஒவ்வொரு கோட்டையும் வரைவார்கள். முதலில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம். உள்பக்கக் கோடும் வெளிப்பக்கக் கோடும் விளிம்பில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால் எங்கோ ஒரு வெட்டைத் தவறாகப் படித்திருக்கிறார்கள், திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

இரண்டாவது, வயதானவர்களின் முறிவு. 1964-இல் பெரும்பாலும் வேகமான விபத்தில் அடிபட்டவர்களின் முறிவுகளைப் பார்த்து வகுத்த முறை இது. இப்போது நம்மிடம் வருவதில் கணிசமான பங்கு, நின்ற நிலையிலிருந்து விழுந்த, எலும்பு மெலிந்த முதியவர்கள். அவர்களில் கூரையின் உள்மேல் பகுதி நசுங்கி உள்ளே அமிழ்ந்திருக்கும், நேர் எக்ஸ்ரேயில் அது கடற்காகத்தின் விரிந்த சிறகுபோலத் தெரியும். 2003-இல் ஆங்லனும் கூட்டாளிகளும் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டினார்கள். கிண்ணத்தின் உள்பக்கத் தட்டான குவாட்ரிலேட்டரல் பரப்பு நொறுங்கி உள்ளே தள்ளியிருக்கும். இந்த இரண்டுக்கும் பத்துப் பெயர்களில் இடமே இல்லை. ஆனால் தகடு பிடிக்குமா, எடுத்த எடுப்பில் மூட்டு மாற்று செய்ய வேண்டுமா என்பதை முடிவுசெய்வதில் இவை இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பெயரில் நூறு சதவீதம் இசைந்துவிட்டு இதை எழுதாமல் விட்டால் என்ன பயன்?

கதிர்நோக்கி

சார் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பின் சுவர் முறிவிலும் இதே கதைதான். பெயரில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் பெயர் எதையுமே சொல்வதில்லை. சுவரில் எவ்வளவு பங்கு போயிற்று, விளிம்பில் மூட்டுப் பரப்பு உள்ளே அமிழ்ந்திருக்கிறதா, மூட்டுக்குள் துண்டு மாட்டியிருக்கிறதா, தலையில் அடி இருக்கிறதா. இவைதான் சேதி. பங்கு மிகச் சிறிதாக இருந்தால் மூட்டு பெரும்பாலும் நிலையாக இருக்கும், பாதிக்கு மேல் போயிருந்தால் இருக்காது. நடுவே உள்ளவர்களுக்குப் படம் பதில் சொல்லாது, மயக்கத்தில் வைத்து மூட்டை அசைத்து, நகரும் எக்ஸ்ரேயான ஃப்ளூரோஸ்கோப்பியில் பார்த்தால்தான் தெரியும்.

புதுமுறை

அப்படியானால் பத்துப் பெயர்களையே தூக்கிப் போட்டுவிட்டால் என்ன? ஹாரிஸும் கூட்டாளிகளும் 2004-இலேயே சி.டி.யை மட்டும் வைத்து நான்கு பிரிவுகளாக வகுத்தார்கள். எலும்பு முறிவுகளுக்கான ஏ.ஓ. அமைப்பின் முறையில் அசெட்டாபுலத்துக்கான 62 என்ற எண்ணுக்குக் கீழே ஏ, பி, சி என்று தெளிவான படிகள் இருக்கின்றன. இரண்டுக்குப் பதில் மூன்று தூண்களாகப் பிரிக்கும் முறைகளும் வந்துவிட்டன. இன்னும் ஏன் அறுபது ஆண்டுப் பழைய முறையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இடுப்பெலும்பு

எண்ணிக்கையைக் குறைத்தால் இசைவு கூடும், அதில் சந்தேகமில்லை. உடைந்தது, உடையவில்லை என்று இரண்டே வகை வைத்தால் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஆனால் எந்த வழியாகப் போவது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஏ.ஓ. முறையில் ஏ, பி, சி அளவில் இசைவு பரவாயில்லை, உட்பிரிவுக்கு இறங்க இறங்கக் குறைகிறது. லெத்தூர்னல் முறை இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு பெயரும் ஒரு அறுவை வழியைக் கையோடு கொண்டுவருகிறது. அந்தப் பெயர்களில்தான் நம் பழைய ஆவணங்களும் ஆய்வுகளும் இருக்கின்றன. பெயர்களை மாற்றினால் அவற்றோடு ஒப்பிடும் வசதியும் போய்விடும்.

பழைய தூண் ஐயா சொன்ன இரண்டு விதிவிலக்குகளும் சரி. தண்டு இஸ்கியம் வழியாக இறங்குவதைப் பிடிக்க, வளையம் முழுசாக இருந்தாலும் கூரைக்குக் கீழே உள்ள வெட்டுகளில் குவாட்ரிலேட்டரல் பரப்பு முன்பின்னாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை இரண்டாம் கேள்வியோடு சேர்த்துவிடுகிறேன். ஐந்து கேள்விகளையும் எழுதும் தாளில் வயதானவர்களுக்காக, பெயருக்குக் கீழே கட்டாயமாக நிரப்ப வேண்டிய வரிகள்: கூரை அமிழ்வு, குவாட்ரிலேட்டரல் பரப்பின் நிலை, விளிம்பு அமிழ்வு, மூட்டுக்குள் துண்டு, தொடைத்தலைச் சேதம், எலும்பின் அடர்த்தி பற்றிய கணிப்பு. காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பின் நிலை படத்தில் வராது, ஆனால் அதே தாளில் அறுவைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். தியேட்டர் சிஸ்டர் கேட்ட மூன்றும் கடைசி வரி.

எக்ஸ்ரேயை விட்டுவிடலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். வலியோடு இருப்பவரை இருபக்கமும் 45 பாகை சாய்த்து ஜூடே படங்கள் எடுப்பது கொடுமைதான். சி.டி.யிலிருந்தே அந்தக் கோணப் படங்களை உருவாக்கிக்கொள்ளலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்தக் கோடுகளைப் படிக்கக் கற்காமல் விடக்கூடாது. அறுவை நடுவில் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி காட்டுவது அந்தக் கோடுகளைத்தான். திருகு மூட்டுக்குள் போயிற்றா என்று அங்கேதான் பார்க்கப்போகிறீர்கள்.

புதுமுறை

ஏற்கிறேன், பெயர்கள் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் கொடுத்துப் பெயரை வாங்கிவிடலாமா? மனிதர் தடுமாற்றமே இருக்காதே.

கணக்கியல்

அதற்குப் பாடம் நடத்த யாராவது ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ஒட்ட வேண்டும். ஒட்டுபவர்கள் நம் மருத்துவர்கள்தான். டி வடிவத்தையும் குறுக்கையும் அவர்கள் குழப்பினால் இயந்திரமும் அதே குழப்பத்தைக் கற்றுக்கொண்டு, மிக உறுதியாகச் சொல்லும். பெயருக்குப் பதில் ஐந்து கேள்விகளின் பதில்களை ஒட்டினால், அதுவும் பலர் தனித்தனியாகப் பார்த்துப் பின் கூடிப் பேசி முடிவெடுத்த பதில்கள் என்றால், உருப்படியாக ஏதாவது கிடைக்கும். வளையம் உடைந்திருக்கிறதா என்று மட்டும் எச்சரிக்கும் கருவி எனக்குச் சாத்தியமாகத் தெரிகிறது.

பழைய_தூண்

அறுவையில் கண்டதையும் சேருங்கள். திறந்து பார்த்தபின் என்ன தெரிந்தது என்று அறுவைக் குறிப்பில் ஐந்து கேள்விகளுக்கும் மறுபடி பதில் எழுத வேண்டும். நாம் திறந்த பக்கம் மட்டும்தான் தெரியும் என்பது உண்மைதான், ஆனாலும் படம் சொன்னதோடு அதை ஒப்பிடாமல் யாரும் தேறுவதில்லை. என் பிரிவில் சீனியர்களும் எழுதியாக வேண்டும், விலக்கு கிடையாது.

இரண்டாமாண்டு

ஒரு கடைசிச் சந்தேகம். டி வடிவமும் இருக்கிறது, பின் சுவரும் தனித் துண்டாகப் பெயர்ந்திருக்கிறது என்றால் பத்தில் எதில் போடுவது? பத்தில் அப்படி ஒன்று இல்லையே. எங்கள் பிரிவில் சிலர் குறுக்கும் பின் சுவரும் என்று எழுதிவிடுகிறார்கள்.

இடுப்பெலும்பு

அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெயரில் வளையம் உடைந்தது மறைந்துபோகிறது, சிஸ்டர் சொன்ன காலைக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. டி வடிவம் என்று எழுதி, ஐந்தாம் கேள்வியில் பின் சுவர்த் துண்டு உண்டு என்று குறியுங்கள். ஆய்வுக்காகப் பத்தில் ஒன்றைத்தான் தர வேண்டும் என்றால் டி வடிவம். மூட்டுக்குக் கீழே எத்தனை துண்டு என்பதுதான் அறுவையை அதிகம் மாற்றுகிறது, சுவர்த் துண்டை எப்படியும் பின்னாலிருந்து பொருத்தத்தான் போகிறீர்கள்.

திருத்திய தாளை இந்த இழையிலேயே இணைக்கிறேன். விரும்புபவர்கள் அடையாளம் நீக்கிய படங்களைப் போடுங்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பதிலைப் பார்க்காமல் எனக்குத் தனிச்செய்தியில் ஐந்து பதில்களையும் அனுப்புங்கள், அட்டவணையைக் கணக்கியல் போடட்டும். படம் போட்டவர் அறுவையில் கண்டதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

கணக்கியல்

போடுகிறேன். பின் சுவர் முறிவுகளாகவே வந்து குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டு வகைகள் வேண்டும்.

இரண்டாமாண்டு

நான் மேலே சொன்ன நோயாளிக்கு நாளை மறுநாள் அறுவை. அவர் சம்மதம் கொடுத்துவிட்டார், அவர் படத்தையே முதலில் போடுகிறேன். ஆனால் பதிலை ஏற்கெனவே இங்கே எழுதிவிட்டேனே?

கதிர்நோக்கி

அதைப் பழகிப்பார்க்கும் படமாக வைத்துக்கொள்வோம், கணக்கில் சேர்க்க வேண்டாம். மெல்லிய அச்சு வெட்டுகளை முழுத்தொடராகப் போடுங்கள், முப்பரிமாணப் படத்தை மட்டும் போட்டால் யாராலும் நான்காம் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கோப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டீர்களா என்று போடுவதற்கு முன் ஒருமுறை எனக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.